எட்டாயிரம் என்கிற சர்வர்

செங்காட்டு விலக்கில் பேருந்தை விட்டு இறங்கி, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, உரக்கடைக்கும் தபால் ஆபீசுக்கும் நடுவில் நுழைந்தால் வருகிற உலகம்மாள் மெஸ்ஸில், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோமு, போனில் யாரிடமோ "சர்வர் ஓடுது, பிரச்சினையே இல்ல" என்று சொன்னதும், இருபத்திரண்டு வருஷமாக அந்த மெஸ்ஸுக்கு இருந்த ஒரே சர்வரான ஐயம்பெருமாள், கையில் ஆறு டம்ளர் காபியோடு அப்படியே நின்று, "நான் எங்கம்மா ஓடுதேன், நடந்துதான போறேன்" என்றார்.

கோமு சிரித்துவிட்டாள். அவள் உலகம்மாளுக்கு நாத்தனார், சென்னையில் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்தவள். புதுப் புறவழிச்சாலை வந்தபின் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளெல்லாம் எங்கள் விலக்கைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்ததால், ஆனி மாதம் சீசன் தொடங்குவதற்குள் மைனியின் மெஸ்ஸுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களச் சொல்லல அண்ணாச்சி. இந்த லேப்டாப்புக்குள்ள ஒரு சர்வர் இருக்கு. ஃபோல்டர்ல நான் என்ன வச்சிருக்கேனோ, அத யாரு கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. நம்ம வைஃபைல இருக்கவங்க மட்டும் பாத்துக்கலாம். எல்லாம் சரியா இருக்கான்னு இப்படிப் பாத்துட்டுத்தான் வெளியில ஏத்தணும்."

"கூட்டிக் கொறைச்சுக் கொடுக்குமா?"

"கொடுக்காது. உள்ளத உள்ளபடி."

"அப்ப அது சர்வரே இல்ல" என்று சொல்லிவிட்டு ஐயம்பெருமாள் காபியைக் கொடுக்கப் போனார்.

அவர் ஆறாவது டம்ளரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் புது சர்வர் வந்துவிட்டான். வாசல் வழியாக வந்ததை யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் கறை ஒன்றுகூட இல்லாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எட்டாம் நம்பர் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்றான். உரக்கடைத் தளவாய் போனில் மெஸ்ஸின் பக்கத்தைத் திறந்து நெய் ரோஸ்ட் படத்தைத் தொட்டபோது, அவன் சமையலறைக்குள் போய், படத்தில் இருந்த மாதிரியே இடது ஓரம் கொஞ்சம் கருகிய நெய் ரோஸ்ட்டை, படத்தில் இருந்த அதே கோணத்தில் கொண்டுவந்து வைத்தான். தளவாய் சாப்பிட்டார். சூடாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

பக்கத்தைத் திறப்பதற்குப் போனில் எண்களும் புள்ளிகளுமாக ஒரு நீளமான முகவரியைத் தட்ட வேண்டியிருந்தது, அதன் கடைசியில் எட்டாயிரம் என்று வந்தது. ஆகவே அன்று சாயங்காலத்துக்குள் ஊர் அவனுக்கு எட்டாயிரம் என்று பேர் வைத்துவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க நினைத்தவர்கள்கூட அவன் கொண்டுவந்து வைத்த காபியைப் பார்த்ததும் கேள்வியைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள். காலையில் கோமு ஒரு கறுப்புத் திரையில் எதையோ தட்டினால் அவன் வந்து நிற்பான், மதியம் மூன்று மணிக்கு அவள் நிறுத்தினால் போய்விடுவான், எங்கே போகிறான் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவனோடு பழகுவதற்குச் சில முறைகள் இருந்தன, எங்கள் ஊர் இரண்டே வாரத்தில் அவற்றைப் படித்துக்கொண்டது. மெஸ் வைஃபையில் இருந்தால்தான் அவன் கண்ணுக்குத் தெரிவான். அதன் பாஸ்வேர்டை உலகம்மாள் 'கை கழுவும் இடம்' என்ற பலகைக்குக் கீழேயே எழுதி வைத்திருந்ததால் உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் அவன் தெரிந்தான், வழிப்போக்கர்களுக்குத் தட்டு மட்டும் தெரிந்தது, அவர்களும் பசியில் இருந்ததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கோமு வெப்சைட்டில் எதையாவது திருத்தினால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவன் பழையதையேதான் கொண்டுவருவான், ஒருமுறை எழுந்து உட்கார்ந்தால்தான் புதியது வரும். ஆகவே பத்து மணி வாக்கில் மெஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் கடகடவென்று எழுந்து உட்காருவதும், அதைப் பார்த்த, விஷுவுக்குச் சபரிமலை போகிற சாமிமார் சிலர் இது ஏதோ இந்த ஊர் நேர்த்திக்கடன் என்று நினைத்துத் தாங்களும் எழுந்து உட்கார்ந்துவிட்டுப் போனதும் சித்திரை முழுக்க நடந்தது.

ஃபோல்டரில் இருப்பதை மட்டுமே கொடுப்பான் என்பது உண்மைதான், ஆனால் ஃபோல்டரில் என்ன இருந்தாலும் கொடுப்பான் என்பது மெதுவடை விஷயத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோமு அவசரத்தில் 'மெதுவிடை' என்று அடித்துவிட்டாள். தளவாய் காலை எட்டு மணிக்கு அதைக் கேட்டார். எட்டாயிரம் தலையசைத்துவிட்டு அவர் எதிரில் நின்றான், நின்றான், மதியச் சாப்பாடு முடியும்வரை நின்றான், இரண்டே முக்காலுக்குக் குனிந்து, "ஆம்" என்றான். கேள்வியே கேட்காத தளவாய், மூத்த மகளை நர்சிங் படிக்க அனுப்புவதா வேண்டாமா என்று மூன்று வருஷமாக மனசுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே போய் விண்ணப்பம் வாங்கிவந்தார். மறுநாள் நாலு பேர் மெதுவிடை கேட்டு வந்தார்கள். கோமு அதற்குள் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டிருந்தாள், அவர்கள் வடையைத் தின்றுவிட்டு வருத்தத்தோடு போனார்கள்.

இத்தனை கொண்டாட்டத்திலும் எட்டாயிரத்தைப் பார்க்க முடியாத உள்ளூர்க்காரர் ஒருவர்தான் இருந்தார். ஐயம்பெருமாளிடம் இருந்தது பட்டன் போன். ஆட்கள் காற்றைப் பார்த்துப் பேசுவதும், தட்டுகள் தாமாக மேசைக்கு வருவதும், தனக்கு வந்துகொண்டிருந்த "அண்ணாச்சி, இங்கன ஒரு காபி" என்ற குரல் நாளுக்கு நாள் குறைவதும்தான் அவருக்குத் தெரிந்தது. சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் மேசை மேசையாகப் போவார். போதும் அண்ணாச்சி, எட்டாயிரம் கொண்டாந்துட்டான் என்பார்கள். வாளியை வைத்துவிட்டு, சுத்தமாக இருக்கிற மேசையை இன்னொருமுறை துடைப்பார். இதையெல்லாம் நாங்கள் பார்த்தோம், பார்த்தும் தோசையைத் தின்றோம் என்பதைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது.

வைகாசியின் கடைசி வாரத்தில் தளவாய் விளையாட்டாக ஒரு காரியம் செய்தார். எட்டாயிரத்தைக் கூப்பிட்டு, "ஐயம்பெருமாள் ஒண்ணு, சூடா" என்றார்.

எட்டாயிரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, புத்தகம் படிக்கிற குரலில், "நீங்கள் கேட்டது இங்கே இல்லை" என்றான்.

மெஸ்ஸே சிரித்தது. என்ன சிரிப்பு என்று ஐயம்பெருமாள் கேட்டார், யாரோ சொன்னார்கள். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கோமுவின் மேசைக்குப் போய், "அந்தப் படத்தையெல்லாம் ஒரு தடவ எனக்கும் காட்டேன்" என்றார். அவள் காட்டினாள். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார், நல்லாருக்கு என்றார், எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

ஆனி பிறக்க நாலு நாள் இருந்த ஒரு காலையில், கோமு கறிவேப்பிலை மரத்தடியில் நின்று சென்னைத் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எல்லாம் ரெடி. இன்னைக்கே சர்வர நிறுத்திருவேன், இனி தேவையில்லல்லா. நல்லாத்தான் ஓடுச்சு, பாவம்."

கிணற்றடியில் பாத்திரத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஐயம்பெருமாளின் காதில் அது விழுந்தது. அவர் வாளியை நிரப்பி வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறிக் கொடியில் காயப்போட்டார். உள்ளே போய்த் தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அவர் போனது முதலில் யாருக்கும் தெரியவில்லை. எட்டாயிரம் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொண்டுவந்துகொண்டிருந்தான். தபால்கார எஸ்தர் வழக்கம்போல ஒன்பதரை மணிக்கு வந்து உட்கார்ந்து காபி படத்தைத் தொட்டாள், காபி வந்தது, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். சீனி போட்ட காபி. சர்க்கரை நோய் வந்த பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை, ஐயம்பெருமாளிடமும் பேசியதில்லை, ஆனால் மூன்று வருஷமாக அவளுக்குச் சீனியில்லாத காபிதான் வரும். எட்டாயிரம் காபி வைக்க வைக்க, ஐயம்பெருமாள் பின்னாலேயே வந்து டம்ளரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், அவளே அப்போதுதான் அதை உணர்ந்தாள்.

"ஐயம்பெருமாள் அண்ணன் எங்க?" என்றாள்.

"நீங்கள் கேட்டது இங்கே இல்லை" என்றான் எட்டாயிரம்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உலகம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள், கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்தாள், பை மாட்டுகிற ஆணியைப் பார்த்தாள். "எங்க போனாரு மனுசன்?" என்று அவள் கத்தியது தபால் ஆபீஸ்வரை கேட்டது.

நிறுத்தத்தில் அவர் சுரண்டை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். தளவாய்தான் முதலில் ஓடினார். "என்ன வே, சொல்லாமக் கொள்ளாம? எந்திச்சு வாரும்."

"என்னைய நிறுத்திட்டாவள்லா. பொறவு என்ன?"

பின்னாலேயே கோமு மூச்சிரைக்க வந்தாள். "யாரு நிறுத்துனா? நான் அந்த சர்வரச் சொன்னேன் அண்ணாச்சி! எட்டாயிரத்த!"

அது புரிந்ததும் ஐயம்பெருமாள் எழுந்துவிடுவார் என்று நினைத்தோம், அவர் எழவில்லை.

"சரி, அவனத்தான் சொன்ன, ஒத்துக்கிடுதேன். ஆனா கோமு, படம் பூராத்தையும் பாத்தேன். உங்க மைனி இருக்கா. தோசைக்கல்லு இருக்கு. கறிவேப்பிலை மரம் இருக்கு. கழனித்தொட்டிப் பக்கத்துல கெடக்க நாயி, அதுகூட வால ஆட்டிக்கிட்டு நிக்கி. நான் எங்கன இருக்கேன்?"

"நீங்க எப்பவும் நடந்துக்கிட்டே இருந்திய அண்ணாச்சி, எந்தப் படத்துலயும் நிக்கல" என்றாள் கோமு. சொல்லும்போதே அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண் கலங்கியது.

"கேட்டதுக்கு, இங்க இல்லன்னு சொன்னாம்லா? அவன் உள்ளத உள்ளபடி சொல்லுறவன்னு நீதான சொன்ன."

அவர் மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சுரண்டை பஸ் பதினொன்று பத்துக்கு. மணி பத்தே கால்.

கோமு திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். வைப்பதற்கு அவரது படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை, கல்யாண வீடுகளில் எடுத்ததில்கூட அவருடைய முழங்கையும் சாம்பார் வாளியும்தான் இருந்தன. "படம் இல்லன்னா எழுதுதேன்" என்றாள். "சொல்லுங்க, அவரப் பத்தி என்ன தெரியும்?"

அவரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றுகூட ஆளுக்கொன்று சொன்னோம். அவருக்குத்தான் எங்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. ஆகவே அதைச் சொல்ல ஆரம்பித்தோம். எனக்குச் சீனியில்லாத காபி, அதை அவர் வாயால் கேட்கவே மாட்டார் என்றாள் எஸ்தர். ரெண்டாவது தோசை வேண்டாம்னு சொல்லுவேன், கொண்டுவருவாரு, தின்னுருவேன் என்றார் தளவாய். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, அழுதுவிட்டு வருகிற நாட்களில் தன்னைச் சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார வைப்பார் என்றாள். முருங்கைக்காய் ஆகாதவர், பல் கட்டியவர், விரதத்தை மறந்துவிட்டு வெங்காயச் சட்னிக்குக் கை நீட்டுகிறவர், ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லக் கோமு அடித்துக்கொண்டே போனாள். கடைசியில் உலகம்மாள், அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, "மூணு மணிக்கு, நீ சாப்புட்டியான்னு என்னையக் கேக்கது அவரு ஒருத்தருதான். அதையும் போடு" என்றாள்.

கோமு எல்லாவற்றையும் சேர்த்து, ஐயம்பெருமாள் என்று பேர் கொடுத்து, ஃபோல்டரில் போட்டாள். நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்கார்ந்தோம். பிறகு ஒரே குரலில், கும்பலாக, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஐயம்பெருமாள்" என்று கேட்டோம்.

எட்டாயிரம் தலையசைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனான்.

ஆனால் வைஃபை டிரான்ஸ்பார்மர் வரைக்கும்தான் எட்டும், நிறுத்தம் அதற்கு அப்பால் இருபது தப்படி. அங்கே போய் அவன் நின்றுவிட்டதைப் பார்த்த எஸ்தர், சுவரிலிருந்து வைஃபை டப்பாவைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தாள். உரக்கடை, தபால் ஆபீஸ், டெய்லர் கடை என்று மூன்று இடங்களிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டிகளை வாங்கி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே நாங்கள் பின்னால் ஓடினோம். சுரண்டை பஸ் வந்து நின்றது. ஐயம்பெருமாள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். கடைசிப் பெட்டியின் வயர் விறைத்து நின்றபோது எட்டாயிரம் ஓரடி எடுத்து வைத்தான், இன்னோரடி வைத்தான், நிரம்பிய காபித் தட்டைத் தூக்குவதுபோல ஒரு சொட்டும் தளும்பாமல் அவரைத் தூக்கினான்.

பஸ்ஸில் இருந்தவர்கள், மஞ்சள் பையோடு ஒருவர் இடுப்பு உயரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி ரோட்டைக் கடந்து போவதைப் பார்த்தார்கள். "ஏறுதேளா, இல்லையா?" என்று கண்டக்டர் கேட்டார், பதில் வராததால் விசில் கொடுத்துவிட்டார்.

எட்டாயிரம் அவரை எங்கள் நடுவில், எட்டாம் மேசையில், மெதுவாக இறக்கி வைத்தான்.

"எவன்ல என்னையத் தூக்குனது?" என்று ஐயம்பெருமாள் கேட்டார். கோமு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் ஆதலால் வெகு நேரம் ஆனது. படித்து முடித்துவிட்டு, "எஸ்தர் சமாச்சாரத்த வெளியூர்க்காரனுக்கு எதுக்குச் சொல்லணும், அத எடுத்துரு" என்றார். உள்ளே போய்ப் புதுத் துண்டு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், கோமு விரலைக் கீபோர்டின் இரண்டு கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு, "அப்ப நான் இவன நிறுத்திரட்டா? நிறுத்திட்டு சைட்ட ஏத்தணும்" என்றாள்.

"இரு. அவன் சாப்புட்டானா?" என்றார் ஐயம்பெருமாள்.

இரண்டரை மாதம் எங்களுக்கெல்லாம் பரிமாறியவன் சாப்பிட்டானா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை, அவன் சாப்பிடுவானா என்றுகூடத் தெரியவில்லை.

ஐயம்பெருமாள் எட்டாம் மேசையில் இலை போட்டார், தண்ணீர் தெளித்தார், கூட்டு, பொரியல், அப்பளம் வைத்தார். "உக்காரச் சொல்லுங்க" என்றார். நாங்கள் சொன்னோம். எட்டாயிரம் நின்றான், நாற்காலியைப் பார்த்தான், பிறகு அதில் உட்காருவது எப்படி என்று யோசிப்பவன்போல மெல்ல உட்கார்ந்தான். ஐயம்பெருமாள் அவனைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. "நான் என்னைக்குமே மூஞ்சியப் பாத்துப் போட்டதில்ல, இலையப் பாத்துத்தான் போடுவேன்" என்றார். பூசணிக் கூட்டு முதலில் காலியாவதைப் பார்த்து மறுபடியும் அதை வைத்தார். சோறு ஒரு பக்கம் குறையக் குறைய அந்தப் பக்கம் குழம்பு ஊற்றினார். வெண்டைக்காய் தொடப்படாமல் கிடந்ததைக் கண்டு, வற்புறுத்தாமல், கொஞ்சம் ஊறுகாய் வைத்தார்.

ரசம் சாதம் பாதி போயிருந்தபோது எட்டாயிரம் தலையை நிமிர்த்தி, "இன்னும் கொஞ்சம்" என்றான்.

அந்த இரண்டு வார்த்தையும் கோமுவின் ஃபோல்டரில் எங்கேயும் இல்லை, அவள் சத்தியம் செய்தாள். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். கேட்க முடியாத ஐயம்பெருமாள் அதற்கு முன்பே ரச வாளியோடு அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

அவன் மோர் குடித்து முடித்து, இலையை மடித்துவிட்டு, கை கழுவிவிட்டு வரும்வரை கோமு காத்திருந்தாள். பிறகு அழுத்தினாள். எட்டாம் மேசைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எஸ்தர் மூக்கை உறிஞ்சினாள், தளவாய் எதற்கோ கூரையைப் பார்த்தார். "பாவம், போயிட்டான்" என்றாள் உலகம்மாள்.

ஐயம்பெருமாள் குனிந்து இலையைப் பார்த்தார். அது மேலிருந்து கீழே, சாப்பிட்டவன் தன் பக்கமாக, ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது.

"எங்க போவான்? இலைய எந்தப் பக்கம் மடிச்சிருக்கான் பாருங்க. வருவான்" என்றார் அவர். இலையை எடுத்துப் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தார்.